வேன்காரன் கற்ற மூச்சு

செஞ்சியில் ஒரு தனியார் பள்ளிக்கூடத்துக்கு வேன் ஓட்டுகிறேன். அதற்கு முன்பு பதினோரு வருஷம் ஒரகடம் பக்கம் கொரியாக்காரர்கள் நடத்தும் ஒரு கம்பெனியில் இருந்தேன். கார்களுக்கு உதிரிபாகம் செய்யும் கம்பெனி. இரும்புத் தகட்டை ஒரே அழுத்தில் வடிவமாக்கும் பெரிய மெஷின்கள் வரிசையாக நிற்கும் பிரஸ் ஷாப்பில் எனக்கு வேலை. என் லைனை மூடியபோது ஊரோடு வந்து சேர்ந்தேன். வல்லத்தில் வீடு, செஞ்சியில் வேன், அவ்வளவுதான் என் உலகம் என்று இருந்தவனை டேக்வாண்டோ வகுப்பில் கொண்டுபோய் உட்காரவைத்தது என் வாய்தான்.

வாரத்தில் மூன்று நாள் சாயந்திரம் பள்ளிக்கூட மைதானத்தில் அந்த வகுப்பு நடக்கும். முடிந்ததும் பிள்ளைகளை வீட்டில் விட வேண்டும் என்பதால் சைக்கிள் ஸ்டாண்டு ஓரமாக வேனை நிறுத்திவிட்டுக் காத்திருப்பேன். பிள்ளைகள் உதைப்பதைப் பார்ப்பதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நன்றாகவே உதைத்தார்கள். எனக்கு ஆகாதது கடைசி இருபது நிமிஷம். அப்போதுதான் மாஸ்டர் எல்லோரையும் மண்டி போட்டு உட்காரவைத்து, கண்ணை மூடச் சொல்லி, மூச்சுப் பயிற்சி சொல்லித் தருவார்.

மாஸ்டருக்கு முப்பது முப்பத்திரண்டு வயது இருக்கும். உதைக்கச் சொல்லும்போது அவருக்கு ஒரு குரல், மூச்சு விடச் சொல்லும்போது வேறு குரல். இரண்டாவது குரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் அறைக்கு வெளியே பேசுகிற மாதிரி இருக்கும்.

"மூச்ச அப்டியே உள்ள இழுங்க. நெஞ்சில நிறுத்தக் கூடாது. தொப்புளுக்குக் கீழ மூணு வெரக்கட எறக்குங்க. அங்க ஒரு பந்து இருக்குது. சக்திப் பந்து. சூடா இருக்குதா?"

"இருக்குது மாஸ்டர்" என்று நாற்பது பிள்ளைகளும் சொல்வார்கள். ஒரு நாள் மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் மட்டும் கண்ணைத் திறக்காமலே, "எனக்கு ஒண்ணுக்கு வருது மாஸ்டர்" என்றான். அந்த மைதானத்தில் தொப்புளுக்குக் கீழே என்ன இருக்கிறது என்பதை உண்மையாக உணர்ந்து சொன்ன ஒரே ஆள் அவன்தான் என்று நினைத்துக்கொண்டேன்.

பெற்றோர்கள் இன்னும் மோசம். சுவர் ஓரமாக நின்று செல்போனில் வீடியோ எடுப்பார்கள். பிள்ளை கண்ணை மூடியிருக்கும் காட்சியில் எடுப்பதற்கு என்ன இருக்கிறது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஒரு அம்மா, "மெடிட்டேஷன் பண்ண ஆரம்பிச்சப்புறம் எம் பொண்ணுக்கு கணக்குல பத்து மார்க் ஏறிட்டுது" என்று வருகிற ஆளிடமெல்லாம் சொல்வார். ஒரு அப்பா தினமும் பிள்ளைகள் கண்ணை மூடும் நேரம் பார்த்து, மனை விற்கிற விஷயமாகப் போனில் யாரையாவது ஏசிக்கொண்டிருப்பார். அந்தச் சத்தத்துக்கு நடுவில் மாஸ்டர், "மனச அமைதியா வச்சிக்கங்க" என்பார். எனக்குச் சிரிப்பு வரும்.

அவர் சொல்லும் சரித்திரம் தனி. இந்த மூச்சுக் கலை தமிழ்நாட்டிலிருந்துதான் கொரியாவுக்குப் போனதாம். நம் செஞ்சிக் கோட்டைச் சிப்பாய்கள் ஒரே மூச்சில் ராஜகிரி மலை ஏறினார்களாம். "அங்கயும் அம்மாவ அம்மான்னுதான் சொல்றாங்க, அப்பாவ அப்பான்னுதான் சொல்றாங்க" என்று சொல்லிவிட்டுப் பெற்றோர்களைத் திரும்பிப் பார்ப்பார். அவர்களும் ஏதோ கொரியாவே தங்கள் பெயரில் பட்டா ஆன மாதிரி தலையை ஆட்டுவார்கள். பதினோரு வருஷம் கொரியாக்காரர்களுக்குக் கீழே வேலை பார்த்த எனக்கு அவர்கள் வாயிலிருந்து அம்மா, அப்பா எல்லாம் அதிகம் கேட்கக் கிடைக்கவில்லை. கேட்டதெல்லாம் 'பல்லி பல்லி'. சீக்கிரம் சீக்கிரம் என்று அர்த்தம். புதிதாகச் சேர்ந்த ஆட்கள் முதல் வாரம் முழுக்கச் சுவரைப் பார்ப்பார்கள்.

ஒரு நாள் இதை வேனில் சாய்ந்தபடி இன்னொரு டிரைவரிடம் சத்தமாகச் சொல்லிச் சிரித்தேன். மாஸ்டர் காதில் விழுந்துவிட்டது. வகுப்பு முடிந்ததும் நேராக என்னிடம் வந்தார். சண்டைக்கு வருகிறார் என்று நினைத்தேன்.

"அண்ணா, ஒங்களுக்கு கொரியா பாஷ தெரியுமா?"

"கம்பெனி பாஷ தெரியும்."

"அது போதும்ணா. வெளிய ஒக்காந்து சிரிக்கறதுக்கு உள்ள வந்து ஒக்காருங்க. எனக்கு வார்த்தைங்கள சரியா சொல்லிக் குடுங்க, நான் ஒங்களுக்கு மூச்சு சொல்லித் தரேன்."

கிண்டல் செய்தவனிடமே வந்து கற்றுக்கொடு என்று கேட்கிற ஆளை என்ன செய்வது? வீட்டில் சொன்னேன். என் மனைவி என் வயிற்றைப் பார்த்துவிட்டு, "போ. அங்கனாவது கொஞ்சம் கொறையட்டும்" என்றாள். மறுவாரம் வெள்ளைச் சட்டை, வெள்ளை பெல்ட்டோடு போய்க் கடைசி வரிசையில் மண்டி போட்டேன். வயது முப்பத்தொன்பது. "டேய், வேன் அண்ணாடா" என்று வரிசை வரிசையாகத் திரும்பிப் பார்த்தார்கள்.

அன்றைக்குத்தான் அந்த வார்த்தையைக் கிட்டத்தில் கேட்டேன். கண்ணை மூடுவதற்கு மாஸ்டர் கொடுக்கும் கட்டளை அது. அவர் எங்கோ இங்கிலீஷ் எழுத்தில் படித்து 'முக்-நியும்' என்று சொல்வார். பிள்ளைகள் அதை 'முக்கியம்' ஆக்கிவிட்டார்கள். "முக்கியம்!" என்று முன்வரிசைப் பையன் ஒருவன் திருப்பிக் கத்த, எல்லோரும் கண்ணை மூடுவார்கள். வேனிலிருந்து கேட்டபோதெல்லாம் தமிழ் வார்த்தை என்றே நினைத்திருந்தேன். பக்கத்தில் உட்கார்ந்து மாஸ்டர் வாயிலிருந்து கேட்டபோதுதான் அது என்ன என்று புரிந்தது. எல்லோரும் கண்ணை மூடினார்கள். என்னால் மூட முடியவில்லை.

அந்த வார்த்தை 'முங்ன்யோம்'. அதை நான் வாழ்க்கையில் ஒரே ஒரு முறைதான் கேட்டிருந்தேன்.

ஏழு வருஷத்துக்கு முன்பு, காலை ஷிப்ட். பிரஸ்ஸில் டை மாற்றிக்கொண்டிருந்தோம். டை என்பது தகட்டுக்கு வடிவம் கொடுக்கும் இரும்பு அச்சு, ஒரு மாட்டின் எடைக்குக் குறையாது. கிரேனில் தூக்கி வரும்போது சங்கிலி நழுவி அது சாய்ந்தது. எனக்குப் பக்கத்தில் நின்றவர் மேல் சாய்ந்தது. அவர் என்னைவிட நான்கு வயது மூத்தவர், பனமலை ஏரிக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். நாங்கள் இருவரும் ஒரே தாலுக்கா மாதிரி பேசிக்கொள்வோம். அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். நான்கைந்து பேர் சேர்ந்து அச்சை நகர்த்தினோம். நெஞ்சு அமுங்கியிருந்தது. நான் தரையில் உட்கார்ந்து அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். எனக்கு வேறு எதுவும் தெரியவில்லை. "மூச்ச இழுண்ணா, மூச்ச இழுண்ணா" என்று அதையே சொல்லிக்கொண்டிருந்தேன். ஆம்புலன்ஸ் வர அரை மணி நேரம் ஆனது. வழியில் இறந்துவிட்டார்.

அவர் வீட்டுக்குச் சொல்லப் போன கம்பெனி ஆட்கள், அந்த இடத்திலேயே உடனே போய்விட்டார், வலியே தெரிந்திருக்காது என்று சொன்னார்களாம். திரும்பி வந்து அவர்களே எங்களிடம் சொன்னார்கள். ஆறுதலுக்காகச் சொன்னதோ வேறு எதற்காகச் சொன்னதோ, நாங்கள் யாரும் எதுவும் கேட்கவில்லை.

மறுநாள் ஷிப்ட் தொடங்கும் முன் புரொடக்‌ஷன் மேனேஜர் வந்தார். கொரியாக்காரர். தொப்பியைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு அந்த வார்த்தையைச் சொன்னார். இறந்தவர்களுக்காகத் தலைகுனிந்து நிற்பதற்கு அவர்கள் ஊரில் சொல்லும் வார்த்தை அது என்று மொழிபெயர்ப்பாளர் சொன்னார். எல்லோரும் ஒரு நிமிஷம் நின்றோம். மேனேஜர் 'பரோ' என்றார். தலையை நிமிர்த்தினோம். பிறகு வழக்கம்போல 'பல்லி பல்லி'. பத்து மணிக்குள் அதே பிரஸ்ஸில் அதே டையைப் போட்டு ஓட்டினோம்.

அந்த வார்த்தையைத்தான் மாஸ்டர் சக்திப் பந்து தேடுவதற்குச் சொல்லிக்கொண்டிருந்தார். டேக்வாண்டோ வகுப்புகளில் உலகம் முழுக்க அப்படித்தான் சொல்கிறார்கள் என்று பிறகு தெரிந்தது. அன்று எனக்கு அது தெரியாது. மாஸ்டரைப் பார்க்கவே எரிச்சலாக இருந்தது. சரியாக எப்படிச் சொல்வது என்று அவர் கேட்டபோது, "நீங்க சொல்றதே சரிதான் மாஸ்டர்" என்று சொல்லிவிட்டேன். முக்கியம் என்றே இருக்கட்டும்.

ஆனாலும் தொடர்ந்து போனேன். கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டே மூச்சை மட்டும் அவர் சொன்னபடி செய்தேன். நான்கு எண்ணி இழுக்க வேண்டும், நான்கு எண்ணி நிறுத்த வேண்டும், ஆறு எண்ணி விட வேண்டும். பந்து எதுவும் தென்படவில்லை. ஆனால் ஒரு நாள் கூட்டு ரோட்டில் கரும்பு டிராக்டர் ஒன்று குறுக்கே நின்று அரை மணி நேரம் வழிவிடாதபோது, வழக்கமாக இறங்கிப்போய்ச் சட்டையைப் பிடிக்கிறவன், ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நான்கு, நான்கு, ஆறு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். கோபம் இறங்கிவிட்டது. இது எனக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. பித்தலாட்டம் என்று முடிவு செய்துவைத்த ஒன்று வேலை செய்தால் எரிச்சல் இரண்டு மடங்காகிறது. மாஸ்டரிடம் சொல்லவே இல்லை.

சில மாதம் கழித்து பெல்ட் பரீட்சை வந்தது. பிள்ளைகளுக்கு அடுத்த நிற பெல்ட் கொடுக்கும் நாள். மாஸ்டர் அதை விழாவாக்க நினைத்தார். முதலில் கோட்டைக்குள், கல்யாண மகாலுக்கு எதிரே புல்வெளியில் நடத்தலாம் என்று போய்க் கேட்டார். மைக்கெல்லாம் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார்கள். அதனால் பள்ளிக்கூட மைதானம்தான், பேனரில் மட்டும் கோட்டை என்று முடிவானது. அப்புறம் என் பக்கம் திரும்பினார்.

"அண்ணா, ஒரு கொரியாக்காரர் வந்தா எப்டி இருக்கும்?"

"அவங்க கார் பார்ட்ஸ் செய்றவங்க மாஸ்டர். டேக்வாண்டோ செய்றவங்க இல்ல."

"மூஞ்சி போதும்ணா. ப்ளீஸ்ணா."

எனக்கு நம்பர் தெரிந்த ஒரே கொரியாக்காரர் அந்த மேனேஜர்தான். மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் என்று இன்றைக்கு யோசித்தால், ஒரு கொரியாக்காரருக்குப் போன் போட்டு வரவழைக்கும் ஆள் என்று செஞ்சியில் நாலு பேர் பார்க்கட்டும் என்ற ஆசைதான். அடுத்தவர்களின் பவுசைப் பார்த்துச் சிரிக்கிறவனுக்குத் தன் பவுசு தெரிவதில்லை.

மேனேஜர் என்னை ஞாபகம் வைத்திருந்தார். அடுத்த மாதம் நிரந்தரமாக ஊருக்குப் போவதாகவும், செஞ்சிக் கோட்டையைப் பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாளாக நினைத்திருந்ததாகவும் சொன்னார். டேக்வாண்டோ தெரியுமா என்று கேட்டேன். பட்டாளத்தில் கட்டாயத்துக்குக் கற்றது, முப்பது வருஷம் ஆகிவிட்டது என்று சிரித்தார். மாஸ்டருக்கு அது போதுமானதாக இருந்தது. ஞாயிற்றுக்கிழமை காலையில் நான் மைதானத்துக்குள் நுழைந்தபோது, 'கொரிய நாட்டு கிராண்ட் மாஸ்டர் அவர்களே வருக' என்று இரண்டு ஆள் உயரத்துக்கு பேனர் கட்டியிருந்தது.

மேனேஜர் கோல்ஃப் தொப்பியோடு வந்து இறங்கினார். பொன்னாடை போர்த்தினார்கள். பேனரைக் காட்டி என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டார். "வெல்கம் சார்" என்றேன். பொய் என்று சொல்ல முடியாது.

கட்டளைகளை மைக்கில் நான்தான் சொல்ல வேண்டும் என்று மாஸ்டர் ஏற்பாடு செய்திருந்தார். கொரியாக்காரர் முன்னால் உச்சரிப்பு தப்பாகிவிடக் கூடாதாம். 'சார்யொத்' என்றேன், பிள்ளைகள் விறைப்பாக நின்றார்கள். 'கியொங்நே' என்றேன், குனிந்து வணங்கினார்கள். மேனேஜர் கைதட்டினார். பிறகு எல்லோரும் மண்டி போட்டு உட்கார்ந்தார்கள். மாஸ்டர் எனக்குக் கண் காட்டினார். முக்கியம் என்று சொல்லியிருந்தால் போதும், ஒன்றும் நடந்திருக்காது. நான் அந்த வார்த்தையைப் பிரஸ் ஷாப்பில் கேட்டபடியே சொன்னேன்.

"முங்ன்யோம்."

பிள்ளைகள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுக் கண்ணை மூடினார்கள். மேடையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது. மேனேஜர் எழுந்து நின்றார். தொப்பியைக் கழற்றினார். பொன்னாடையை எடுத்து நாற்காலியில் வைத்தார். தலையைக் குனிந்துகொண்டார்.

மாஸ்டர் அதைப் பார்த்து, பெரிய மாஸ்டர்கள் செய்யும் முறை இதுதான் போலிருக்கிறது என்று தானும் எழுந்து தலையைக் குனிந்தார். பள்ளிக்கூடத் தலைமையாசிரியை எழுந்தார். சுவர் ஓரத்துப் பெற்றோர்கள் செல்போனை இறக்கிவிட்டுத் தலையைக் குனிந்தார்கள். மனை விற்பவர்கூடப் போனை அணைத்தார். யாருக்கு என்று தெரியாமல் இருநூறு பேர் துக்கம் கொண்டாடிக்கொண்டிருந்தார்கள். அது துக்கம் என்று தெரிந்தவர்களே இரண்டு பேர்தான், அதிலும் ஒருவருக்கு யார் செத்தது என்று தெரியாது.

ஒரு நிமிஷம் ஆனது. மேனேஜர் லேசாகத் தலையைத் தூக்கிப் பார்த்தார். யாரும் அசையவில்லை. மறுபடியும் குனிந்தார். 'பரோ' சொல்ல வேண்டியவன் நான். மைக் என் கையில் இருந்தது. நான் சொல்லவில்லை. நான்கு எண்ணி இழுத்தேன், நான்கு எண்ணி நிறுத்தினேன், ஆறு எண்ணி விட்டேன். வெயில் அவர் வழுக்கையில் விழுந்துகொண்டிருந்தது. அன்றைக்கு ஒரு நிமிஷத்தில் முடித்தாய் அல்லவா, இன்றைக்கு நில் என்று மனசுக்குள் சொன்னேன். கழுத்தில் வியர்வை வழிவதைப் பார்த்தேன். துடைக்காமல் நின்றார். அந்த நேரம் எனக்கு எவ்வளவு நிறைவாக இருந்தது என்பதை மறைக்க மாட்டேன். பத்து நிமிஷமாவது இருக்கும். மாஸ்டர் தலையைத் திருப்பி என்னை முறைத்த பிறகுதான் 'பரோ' சொன்னேன்.

மேனேஜர் கைக்குட்டையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தார்.

"ஹூ டை?" என்று மெதுவாகக் கேட்டார்.

"நோபடி சார். பிராக்டிஸ்."

அவர் என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "பிராக்டிஸ்" என்று தானும் ஒருமுறை சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்தார். பிள்ளைகளுக்குப் பெல்ட் கட்டிவிட்டார். ஒவ்வொரு பிள்ளையோடும் போட்டோ எடுத்துக்கொண்டார்.

சாப்பிட்டுவிட்டு அவரைக் கோட்டைக்கு அழைத்துப் போனேன். வெயிலில் ராஜகிரி ஏற முடியாது என்றார். கல்யாண மகால் படியில் நிழலாக இருந்த இடத்தில் உட்கார்ந்தோம். பாட்டிலில் பாதித் தண்ணீரைக் குடித்துவிட்டு அவராகவே ஆரம்பித்தார். கம்பெனியில் நாங்கள் பேசிக்கொள்ளும் அந்த ஒட்டுப்போட்ட இங்கிலீஷில்தான் பேசினோம்.

இந்தியாவில் அந்த வார்த்தையைத் தான் ஒரே ஒரு முறைதான் சொன்னதாகச் சொன்னார். பிரஸ் ஷாப்பில். நீயும் அங்கே நின்றாய் என்றார். ஒரு நிமிஷம் போதாது என்று அன்றைக்கே தெரியும், பத்து மணிக்கு லைன் ஓட வேண்டும் என்று மேலிடத்திலிருந்து போன் என்றார். அவர் மறந்திருப்பார் என்றுதான் இத்தனை வருஷம் நினைத்திருந்தேன். மறந்தவரைத் திட்டுவது சுலபம்.

பிறகு கேட்டார். "அவர் வீட்டம்மா? உன் ஊருக்குப் பக்கம்தானே? போய்ப் பார்த்தாயா?"

"பாத்தேன் சார். நல்லா இருக்காங்க" என்றேன்.

"குட், குட்" என்று பல தடவை தலையை ஆட்டினார். என் முதுகில் கையை வைத்து நன்றி சொன்னார்.

நான் போனதே இல்லை. வல்லத்திலிருந்து அந்த ஊர் பைக்கில் ஒரு மணி நேரம்கூட இல்லை. பனமலைப் பக்கம் கல்யாணத்துக்குப் போயிருக்கிறேன், மாடு பார்க்கப் போயிருக்கிறேன், அந்த ஊருக்குத் திரும்பும் ரோட்டில் மட்டும் திரும்பியதில்லை. அடுத்த வாரம் வகுப்பில் மாஸ்டர் சக்திப் பந்தைப் பற்றிப் பேச ஆரம்பித்ததும் வழக்கம்போல வாயின் ஓரத்தில் சிரிப்பு வந்தது. உடனே நின்றுவிட்டது. அந்த மனிதர் இல்லாத பந்தை இருக்கிறது என்று நம்பிச் சொல்கிறார். நான் போகாத வீட்டுக்குப் போனேன் என்று தெரிந்தே சொன்னவன்.

அந்த வாரம் உள்ளூர்த் திருவிழா விடுமுறை வந்தது. பைக்கை எடுத்தேன்.

அவர் மனைவி வாசலை ஒட்டிய அறையில் தையல் மெஷினில் உட்கார்ந்திருந்தார். பள்ளிக்கூட யூனிஃபார்ம் மடித்து அடுக்கியிருந்தது.

"யாரு வேணும்?"

"அண்ணி, நான் வல்லம். கம்பெனில அண்ணன்கூட வேல செஞ்சவன்."

மெஷின் நிற்கவில்லை. "அவரு போயி ஏழு வருஷம் ஆவுது. இப்ப இன்னா விஷயமா வந்தீங்க?"

"சும்மா, பாத்துட்டுப் போலாம்னு."

"பாத்துட்டீங்களா?"

நூலை வெட்டிவிட்டு அடுத்த துணியை எடுத்தவர், அதை மடியிலேயே வைத்துக்கொண்டு முதல்முறையாக என்னை நிமிர்ந்து பார்த்தார்.

"அன்னிக்கி நீங்க அங்க இருந்தீங்களா?"

"இருந்தேன் அண்ணி. பக்கத்துலதான்."

"ஒண்ணு கேக்கறேன். மறைக்காம சொல்லுங்க. அவரத் தூக்கினப்ப மூச்சு இருந்துச்சா?"

"இருந்துச்சி."

"ஒடனே போயிட்டாருன்னாங்களே."

"இல்ல அண்ணி. ஆம்புலன்ஸ்ல ஏத்துற வரைக்கும் இருந்துச்சி. தல என் மடியிலதான் இருந்துது. மூச்ச இழுண்ணான்னு சொல்லிக்கினே இருந்தேன். சொன்னப்பல்லாம் இழுத்தாரு."

"பேசினாரா?"

"பேசல. கண்ணு தொறந்திருந்துது. என்னத்தான் பாத்துக்கினு இருந்தாரு."

தெருவில் தண்ணீர் வண்டி ஒன்று போனது. அது போகும்வரை காத்திருந்தவர் போல அப்புறம்தான் வாயைத் திறந்தார். மரியாதை எல்லாம் போயிருந்தது.

"இத்த வந்து சொல்றதுக்கு ஒனக்கு ஏழு வருஷமா? நீ எங்க துபாய்லயா இருந்த? வல்லத்துலதான இருந்த?"

"பயமா இருந்துச்சி அண்ணி."

"ஒனக்கு இன்னா பயம்? புருஷன பறிகுடுத்தது நானு. ஒடனே போயிட்டாருன்னு சொன்னாங்க, சரின்னு கேட்டுக்கினேன். ஆனா ஒரு நாளு கூட நம்பல. இந்த மெஷின மெறிக்கும்போதெல்லாம் அதேதான் ஓடும், மூச்சு இருந்துச்சா இல்லியா, மூச்சு இருந்துச்சா இல்லியா. நீ அத்த மடில வச்சிக்கினு இருந்துட்டு வேன் ஓட்டிக்கினு திரிஞ்சிருக்க."

வேன் ஓட்டுவதை நான் சொல்லவில்லை. அவருக்கு என்னைப் பற்றி முன்பே தெரிந்திருக்கிறது. வருவேன் என்று பார்த்திருக்கிறார். அப்புறம் வரமாட்டேன் என்று விட்டிருக்கிறார்.

தண்ணீர் கொடுக்கவில்லை. உட்காரச் சொல்லவில்லை. எழுந்து வாசலுக்கு வந்து கை நீட்டிக் காட்டினார்.

"எங்க மாமனாரு ஏரிக்கரையில மாடு மேய்க்கறாரு. அவருக்கும் இதான் கேள்வி. நீயே போயி சொல்லு. நான் சொன்னா, என் ஆறுதலுக்கு நீ சொன்னதுன்னுவாரு."

போனேன். பெரியவருக்குக் காது மந்தம். நான் யார் என்பதைப் புரியவைக்கவே கத்த வேண்டியிருந்தது. அப்புறம், "மூச்சு இருந்துச்சி!" என்று கத்தினேன். கையைக் காதருகே குவித்துக்கொண்டு மறுபடியும் கேட்டார். மறுபடியும் கத்தினேன். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த இரண்டு பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எம்மா நேரம்?" என்று கேட்டார்.

"அர மணி நேரம்!"

அவர் ஏரியைப் பார்த்துக்கொண்டு நின்றார். "அர மணி நேரம்" என்று தனக்குத்தானே சொன்னார். "அப்ப, ஆஸ்பத்திரி கிட்டத்துல இருந்திருந்தா..." என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டார். அந்த யோசனையை அவர் தலையில் நான்தான் இறக்கி வைத்திருந்தேன். அதைத் திரும்ப எடுக்க வழியில்லை. மாட்டை ஓட்டிக்கொண்டு நகர்ந்தார்.

பைக்கை எடுக்க வந்தபோது அவர் மருமகள் துணியில் கோடு போடும் சாக்பீஸோடு நின்றிருந்தார். "பொண்ணு திருவண்ணாமலைல நர்சிங் படிக்கிது. அவளும் கேப்பா. நம்பர சொல்லு" என்றார். சொன்னேன். ஒரு துண்டுத் துணியில் எழுதிக்கொண்டார். இனிமேல் வா என்றும் சொல்லவில்லை, வராதே என்றும் சொல்லவில்லை.

பத்து நாள் கழித்து வகுப்பில் எல்லோரும் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தபோது என் போன் அடித்தது. புது நம்பர். மாஸ்டர் ஒரு கண்ணைத் திறந்து முறைத்தார். நான் வரிசையிலிருந்து எழுந்து சைக்கிள் ஸ்டாண்டுக்குப் போனேன். அண்ணனின் பெண். தான் யார் என்று சொன்னாள். எடுத்த எடுப்பில் கேட்டுவிட்டாள். நர்சிங் படிக்கிறவள் என்பதால் அவள் கேள்விகள் வேறாக இருந்தன. மூச்சு எப்படி வந்தது, விட்டு விட்டா, சத்தத்தோடா, உதடு என்ன நிறம், யாராவது ஆக்சிஜன் வைத்தார்களா. எல்லாவற்றுக்கும் தெரிந்ததைச் சொன்னேன். தெரியாததைத் தெரியாது என்றேன். அவள் எங்கேயும் அழவில்லை. கடைசியில், "சரிங்க, வேற எதனா ஞாபகம் வந்தா போன் பண்ணுங்க" என்று வைத்துவிட்டாள்.

வகுப்பு முடிந்து பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடி வந்தார்கள். ஜன்னல் சீட்டுக்கு அடித்துக்கொண்டார்கள். எண்ணிப் பார்த்து ஏற்றிக்கொண்டு கிளம்பினேன்.